புதுக் குட்டைக்குக் குடிபோகும் மீன்கள்... அவசரம் வேண்டாம்!

திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை எனப் பல பகுதிகள் பி.ஏ.பி. வாய்க்காலை நம்பியிருக்கின்றன. நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத்தான் அதில் தண்ணீர் வரும். வந்த தண்ணீரைச் சேர்த்து வைக்கப் பண்ணைக்குட்டை வெட்டுவது இங்கே பரவலாகிவிட்டது. குட்டையில் தண்ணீர் நிற்கும்போது சும்மா விடுவானேன் என்று கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார்கள். ஓரத்தில் அல்லியும் தாமரையும் பூக்கின்றன. வீட்டுக்குக் குழம்பு மீனும் ஆச்சு, விற்றால் நாலு காசும் ஆச்சு.

குட்டைக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் விரிப்பு வெடிக்கும், எலி கடிக்கும், கரை சரியும். வேறு இடத்தில் புதுக் குட்டை வெட்ட வேண்டிவரும். அப்போது பழைய குட்டையில் உள்ள மீனையும் செடியையும் இடம் மாற்றியாக வேண்டும். ஒரு வருடமாக வளர்த்த மீன் ஒரே ராத்திரியில் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நடப்பது வழக்கமாக இப்படித்தான். சனிக்கிழமை போர்வெல் மோட்டாரைப் போட்டுப் புதுக் குட்டையை நிரப்புவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஆள் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று வலை போட்டு, மீனை டிரம்மில் அள்ளி, கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். சாயங்காலம் வரை மீன் சுற்றிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை விடியலில் போய்ப் பார்த்தால், வெள்ளை வயிறு தெரிய மிதக்கும்.

அடுத்து வருவது சந்தேகம். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களே, அந்த டப்பாவை இங்கே கழுவினார்களோ, பங்காளி ஏதாவது கலந்துவிட்டானோ என்று பேச்சு கிளம்பும். வரப்புத் தகராறு இருக்கும் இடத்தில் இது போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். பல நேரங்களில் விஷம் வைத்தவர் யாருமே இல்லை. தண்ணீர் தயாராகும் முன்பே மீன் குடிவந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

தெளிந்த தண்ணீர், உயிர் இல்லாத தண்ணீர்

பூமிக்கு அடியில் காற்றோட்டம் இல்லை. அதனால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதுதான் ஏறிய தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கரியமில வாயு கூடுதலாக இருக்கும். கெண்டை இன மீன்கள் நன்றாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் தேவை. இடம் மாறிய அலைச்சலில் உள்ள மீனுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

இரண்டாவது, மீனின் கழிவு. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பழைய குட்டையின் சேற்றிலும், கல்லிலும், செடித் தண்டிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். புதுக் குட்டையில் இந்த வேலையாட்கள் இன்னும் வரவில்லை. அவை பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தண்ணீரின் பி.ஹெச் கூடக் கூட, வெப்பம் ஏற ஏற, அம்மோனியாவின் விஷத்தன்மையும் கூடும். சுண்ணாம்புப் பாங்கான மண்ணும், காரத்தன்மை உள்ள நிலத்தடி நீரும் உள்ள தோட்டங்களில் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, உப்பு. நொய்யல் கரைக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காக 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு நீர் தேங்கும் இடமாகிவிட்டது. கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை சாய ஆலைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். ஆனால், மண்ணுக்குள் இறங்கிய உப்பு நீதிமன்ற உத்தரவைக் கேட்டு வெளியேறாது. ஒரே ஊரில் ஒரு தோட்டத்துக் கிணறு நல்ல தண்ணீராகவும், நாலு தோட்டம் தள்ளி உள்ள போர்வெல் உப்பாகவும் இருப்பது இங்கே சாதாரணம்.

உப்பு குறைந்த ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த மீனைத் திடீரென்று உப்புத் தண்ணீரில் விட்டால், உடம்புக்குள் உள்ள நீரையும் உப்பையும் சமன்செய்ய அது திணறும். அதே மீனை மெதுவாகப் பழக்கினால் ஓரளவு உப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே, எவ்வளவு உப்பு என்பதோடு எவ்வளவு வேகமாக மாற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, தண்ணீரைப் பார்ப்பது

பழைய குட்டை, புதுக் குட்டை இரண்டிலும் பி.ஹெச், டி.டி.எஸ் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். பேனா போன்ற சின்ன டி.டி.எஸ் மீட்டர் ஒன்று பக்கத்து நாலு தோட்டங்களுக்குப் போதும். பி.ஹெச் 7-க்கும் 8.5-க்கும் இடையில் இருந்தால் நல்லது. டி.டி.எஸ் 1,000-க்குள் இருந்தால் கவலை இல்லை. 2,000-ஐத் தாண்டினால் மீனைப் பழக்கும் நேரத்தை நீட்ட வேண்டும். 3,000-க்கு மேல் போனால், மழைநீரோ வாய்க்கால் நீரோ கலக்க வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மீனைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். சாயமோ, கன உலோகமோ, பூச்சிமருந்தோ இருப்பதைக் காட்டாது. நொய்யலை ஒட்டிய, கழிவு நீர் ஏறிய சரித்திரம் உள்ள நிலம் என்றால், ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்காமல் உண்ணும் மீன் வளர்க்க வேண்டாம். கன உலோகங்கள் மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மீன் சாகாமல் இருப்பதாலேயே அது சாப்பிட உகந்தது என்று ஆகிவிடாது. தண்ணீர்ப் பரிசோதனை பற்றிப் பொங்கலூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

குட்டையைப் பழக்குவது எப்படி?

போர்வெல் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகக் குட்டைக்குள் விடாமல், ஒரு கல் மேலோ தகரத்தின் மேலோ விழுந்து சிதறும்படி விடுங்கள். காற்றுபட்டால் ஆக்சிஜன் ஏறும், கரியமில வாயு வெளியேறும். நிரப்பிய பிறகு குறைந்தது ஒரு வாரம் வெயிலும் காற்றும் படட்டும்.

மண் குட்டை என்றால், தண்ணீர் கட்டிய பிறகு சென்ட்டுக்கு 8 கிலோ அளவில் மட்கிய சாணத்தைக் கரைத்துவிடலாம். சுண்ணாம்பு எல்லாக் குட்டைக்கும் தேவைப்படாது. மண்ணின் பி.ஹெச் பார்த்த பிறகே போட வேண்டும். ஏற்கெனவே காரமாக உள்ள மண்ணில் சுண்ணாம்பு போடுவது காசையும் கொடுத்துக் கெடுதலையும் வாங்குவது. பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் இளம்பச்சையாகும். கையை முழங்கை வரை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம். மணிக்கட்டு இறங்கும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. இன்னும் காத்திருந்து, கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

வீட்டு முன்னால் கட்டும் சிமென்ட் தொட்டி என்றால், புது சிமென்ட்டின் சுண்ணாம்பு இறங்கி பி.ஹெச் எகிறும். அதில் எந்த மீனும் நிற்காது. வாழைத்தண்டைத் துண்டாக்கிச் சாணத்தோடு சேர்த்து ஒரு வாரம் ஊறவைத்து, கொட்டிவிட்டு, மூன்று நான்கு முறை புதுத் தண்ணீர் நிரப்பி வடிக்க வேண்டும். கடைசியில் பி.ஹெச் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளை அரிக்கும். இரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

பழைய குட்டையில் மீன் நோயில்லாமல் இருந்தால், அங்கே கிடந்த கற்கள், மரக்கட்டை ஆகியவற்றை ஈரம் காயாமல் எடுத்துவந்து புதுக் குட்டையில் போடுங்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் புதுக் குட்டைக்கு உறைமோர். நோய் கண்ட குட்டை என்றால் ஒரு கல்லைக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

மீனுக்கு முன்னால் செடி

செடி முதலில் போக வேண்டும். அது வேர்பிடித்துத் தழைத்த பிறகுதான் மீன். குறைந்தது இரண்டு மூன்று வாரம் இடைவெளி தேவை.

தாமரைக் கிழங்கை எடுக்கும்போது நுனி மொட்டு உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்தால் அந்தத் துண்டு துளிர்க்காது, அழுகிவிடும். அகலமான சாந்துச்சட்டியில் களிமண் பாங்கான வயல் மண்ணை நிரப்பி, கிழங்கைப் படுக்கவைத்து, நுனி மேல்நோக்கி இருக்கும்படி லேசாக மூட வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. மேலே கூழாங்கல் பரப்பினால் மீன் கிளறாது. முதலில் நாலு விரல்கடை தண்ணீர் மேலே நின்றால் போதும். இலை மேலெழும்ப எழும்பச் சட்டியை ஆழத்துக்கு இறக்கலாம். அல்லிக்கும் இதே முறைதான்.

விரிப்புப் போட்ட குட்டையில் சம்பு, கோரை இரண்டையும் நேரடியாக வைக்கவே கூடாது. அவற்றின் கிழங்கு முனை ஊசி போல விரிப்பைத் துளைத்துக்கொண்டு போகும். புல் கெண்டை இருக்கும் குட்டையில் மென்மையான நீர்ச்செடிகள் மிஞ்சாது. செடி வேண்டுமா, புல் கெண்டை வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செடியோடு சேர்ந்து வருபவை நிறைய. நத்தை முட்டை, மீன் பேன், நங்கூரப்புழு எல்லாம் இலைக்கு அடியில் ஒளிந்து வரும். செடியைக் கொண்டுவந்ததும் நன்றாக அலசி, இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் பத்து நிமிடம் வைத்து, மறுபடியும் அலசி, தனித்தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே குட்டையில் விட வேண்டும்.

மீனைப் பிடிக்கும் நாள்

முதல் நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தால் வழியில் கழிவும் குறையும், மூச்சு வாங்குவதும் குறையும். விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். பழைய குட்டையின் தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டால், ஒன்றிரண்டு தடவை வலை இழுப்பதிலேயே மீன் அகப்படும். பலமுறை இழுத்தால் சேறு கலங்கி, பிடிக்கும் முன்பே மீன் சோர்ந்துவிடும்.

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேலுள்ள வழவழப்பு உரியும். அதுதான் மீனுக்குத் தோல் மேல் போட்ட சட்டை. அது போன இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. 200 லிட்டர் டிரம்மில் முக்கால் பங்கு பழைய குட்டைத் தண்ணீர் ஊற்றி, 10 கிலோ மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயமோ ரசாயனமோ இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் கூடவே உட்கார்ந்து சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும்.

இது புதிய வித்தை அல்ல. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். ஒருகாலத்தில் வங்காள வியாபாரிகள் ஆற்றில் குஞ்சு பிடித்து, மண்பானையில் ஊற்றி, வழியெல்லாம் பானையைக் குலுக்கியும் தண்ணீரைத் தட்டியும் கொண்டுபோவார்கள். தண்ணீர் அசைந்தால் காற்று கலக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் கே.ஹெச்.அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடவைத்துக் காட்டினார்கள். அதன் பிறகே பண்ணையில் குஞ்சு உற்பத்தி பெருகியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று அமராவதி நகர், திருமூர்த்தி நகர், பவானிசாகர் போன்ற இடங்களில் அரசு மீன் பண்ணைகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும், மீதி ஆக்சிஜனுமாகப் பாலித்தீன் பையில் கட்டிய குஞ்சுகள் பஸ்ஸிலேயே ஊர் வந்து சேர்கின்றன.

தண்ணீரும் தண்ணீரும் பழக வேண்டும்

குஞ்சுப் பையைக் கட்டவிழ்க்காமல் குட்டையின் நிழல் ஓரத்தில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். உள்ளும் புறமும் வெப்பம் சமமாகும். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொம்பு குட்டைத் தண்ணீரைப் பைக்குள் சேர்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பைத் தண்ணீரைவிடக் குட்டைத் தண்ணீர் அதிகமாகிவிட வேண்டும். திறந்த பையை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. மூடிய பையில் சேர்ந்திருந்த கரியமில வாயு வெளியேறியதும் பி.ஹெச் ஏறி, உள்ளே உள்ள அம்மோனியா அதிக விஷமாகும்.

டி.டி.எஸ் வித்தியாசம் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் அரை மணி நேரம் போதாது. மீனை நிழலில் அகலமான தொட்டியில் விட்டு, சிறு குழாய் வழியாகப் புதுக் குட்டைத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரம் பழக்க வேண்டும். அதுவரை காற்றுப் பம்ப் ஓட வேண்டும். டிரம்மில் வந்த பெரிய மீனுக்கும் இதே கணக்குத்தான்.

கடைசியில் பையையோ கூடையையோ சாய்த்துப் பிடித்தால் மீன் தானாக நீந்திப் போகும். மேலிருந்து கொட்டக் கூடாது. பைத் தண்ணீரைக் குட்டையில் ஊற்றாமல் தென்னைக்கு ஊற்றிவிடுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம். இரண்டாம் நாள் தவிடும் கடலைப்பிண்ணாக்கும் சம அளவில், கொஞ்சமாகப் போட்டுப் பழக்கலாம். நான்கு முதல் ஆறு வாரங்கள், அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெருகும்வரை, தீனியில் கஞ்சத்தனம் நல்லது.

எல்லா மீனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் பத்து மீனை விட்டு மூன்று நாள் பாருங்கள். அவை தீனி எடுத்தால் மற்றதை இரண்டு மூன்று தவணையாக மாற்றலாம். பத்து மீனோடு போனால் அது பாடம். மொத்தமும் போனால் அது கடன்.

எது வரக் கூடாது?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதும் விற்பதும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. கழிவைத் தின்று கொழுக்கும், காற்றையும் சுவாசிக்கும், மழை நாளில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும், நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். மீன்வளத்துறை கண்டறிந்தால் குட்டையோடு அழித்துவிடுவார்கள். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வாங்கும் 'டேங்க் கிளீனர்' மீனும், அழகுக்காகக் கொண்டுவரும் ஆகாயத்தாமரையும் அப்படித்தான். ஆகாயத்தாமரை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழகுச் செடியாக வங்காளத்துக்கு வந்தது. இன்று அது இல்லாத ஊர் உண்டா? 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் இப்போது நம் ஊர்க் குளங்களில் நாட்டு மீனைவிடப் பெருகிக் கிடக்கிறது.

இது ஒரு தோட்டத்தோடு முடிகிற காரியம் அல்ல. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி-யைக் கொண்டுவந்து, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கான திட்டம் அது. அதே மாதத்தில் நஞ்சராயன் குளம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை காலம் தண்ணீருக்காகக் காத்திருந்த குளங்களில் யாரோ ஒருவர் விடும் நாலு கெளுத்தி போதும், பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆற்றைச் சாயத்துக்குப் பறிகொடுத்த ஊருக்கு, பொதுத் தண்ணீர் கெட்டால் மீட்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடிக்கடி எழும் கேள்விகள்

10 சென்ட் குட்டைக்கு எத்தனை குஞ்சு விடலாம்?

10 சென்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் விரல் நீளக் குஞ்சுகள் 400 போதும். கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120 என்று பிரிக்கலாம். ஆண்டு முழுவதும் நாலடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும்.

விடும் முன் உப்பு நீரில் முக்கலாமா?

வெளியிலிருந்து வாங்கிய மீனை முக்கலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு. ஒன்றிரண்டு நிமிடம் போதும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

மீதமான மீனை ஊர்க் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?

வேண்டாம். நோயும் வேற்று மீனும் அப்படித்தான் பரவுகின்றன. அக்கம்பக்கத்தில் குட்டை வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் குழம்பு வையுங்கள்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன செய்வது?

ஆக்சிஜன் குறைவு. இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து மூச்சு விட்டதில், விடியும்போதுதான் அது மிகக் குறையும். குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து மேலிருந்து தெளித்து விழவிடுங்கள். அன்று தீனி போடாதீர்கள். அப்படியும் மீன் செத்தால், செத்த மீனை எடுத்துப் புதைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மீன்வளத்துறையைக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் அந்தப் பாட்டில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மீன் அடுத்த வருடம் வளர்ந்துவிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் அறுந்த பேச்சு ஒட்ட அதைவிட நாளாகும்.